தோட்டம் என்னும் ஒரு சொல்

மயிலாப்பூரில் பிறந்து மயிலாப்பூரிலேயே முதுமையடைந்த என்னைப் போன்ற ஒருவனுக்கு, 'லயம்' என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், மிருதங்கத்தின் வலந்தலையும், தொடையில் தாளமிடும் ரசிகர்களின் கைகளும், மார்கழி மாதத்துச் சபைகளின் ஜமக்காள வாசனையுந்தான் நினைவுக்கு வரும். தேயிலை மலைச் சரிவில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில், ஒன்றை யொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய கூலிக் குடியிருப்பு என்று அதே சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டென்பதை, என் அறுபத்து மூன்றாவது வயதில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டியிடமிருந்து நான் தெரிந்துகொண்டேன். அதற்குக் காரணமாக அமைந்தது ஒரு பாட்டு. நான் அவசரமாக விமரிசனம் எழுதி அச்சுக்கும் அனுப்பிவிட்ட ஒரு பாட்டு.

2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம். கொரோனாவின் முதல் அலை ஓய்ந்து, இரண்டாவது அலை வருமோ வராதோ என்று ஊர் ஐயுற்றிருந்த நாட்கள். பேத்திக்குப் பாவாடைத் துணி வாங்குவதற்காகத் தியாகராய நகர் சென்றிருந்த நான், பனகல் பார்க் வாசலில் ஓர் ஆட்டோவில் ஏறினேன். தேனாம்பேட்டையைக் கடந்து எல்டாம்ஸ் ரோட்டுக்குள் வண்டி திரும்பியபோது, என் முதுகுக்குப் பின்னால் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து, நெஞ்சுக் கூட்டையே தட்டுவது போன்று சீராக விழுந்துகொண்டிருந்த கனத்த தாளத்தின் மீது, மெல்லிய புகை படிந்தது போன்ற ஓர் இளம்பெண்ணின் குரலும், அதைத் துரத்திப் பிடிப்பது போலச் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்த ஓர் இளைஞனின் குரலும் மாறி மாறிக் கேட்டன. சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் ஓட்டுநருடைய விரல்கள் கைப்பிடியில் தாளமிட்டன.

"என்ன பாட்டப்பா இது?" என்று கேட்டேன்.

"என்ன சார், இது தெரியாதா? 'என்ஜாய் எஞ்சாமி'. வந்து ஒரு வாரந்தான் ஆவுது, ஊரே இதத்தான் கேக்குது" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மையே. மார்ச் 7-ஆம் தேதி வெளியான அப்பாட்டு எந்தத் திரைப்படத்தையும் சேர்ந்ததன்று, தனிப் பாட்டு. இசையமைத்தவர் சந்தோஷ் நாராயணன், பாடியவர்கள் தீ என்னும் பெயரால் அறியப்பட்ட இளம் பாடகியும், அரக்கோணத்துக்காரரான அறிவு என்னும் பாடகரும், காட்சியாக்கியவர் அமித் கிருஷ்ணன், வெளியிட்டது, ஏ. ஆர். ரஹ்மானின் துணையோடு அவ்வாண்டு தொடங்கப்பட்டிருந்த 'மாஜா' என்னும் அமைப்பு. சினிமாவின் தோளில் ஏறாமல் ஒரு தமிழ்ப் பாட்டு சில வாரங்களுக்குள் கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது, நம்முடைய தேசத்தில் அபூர்வமான சம்பவம்.

அக்காலத்தில் நான் ஒரு சிறு மாதப் பத்திரிகைக்குச் சங்கீதக் குறிப்புகள் எழுதி வந்தேன். விமரிசனம் என்னும் தொழிலில் எனக்கு ஆசை பிறந்ததற்குக் காரணம், என் தந்தையார் மரப்பெட்டியில் பைண்டு செய்து பாதுகாத்து வைத்திருந்த பழைய ஆனந்த விகடன் தொகுதிகள். அவற்றிலே 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய கச்சேரி விமரிசனங்களை நான் பள்ளிப் பிராயத்திலேயே திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். வித்வானின் அருகில் உட்காராமல் ஜனங்களின் நடுவே உட்கார்ந்து கேட்பதும், பாடுகிற வார்த்தை கேட்கிறவனுக்கு விளங்கவேண்டுமென்று வாதாடுவதும் அவருடைய வழி. பின்னாளில் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதற்கும், அவ்வியக்கத்தில் கல்கி முன்னின்று பேனா பிடித்ததற்கும் அடிப்படை அந்த ஒரே நியாயந்தான்: பாஷை புரிந்தால் பாவம் புரியும். நானும் அதை வேதவாக்காகக் கொண்டிருந்தேன். 1990-களில் ரஹ்மானுடைய பாட்டுகள் வந்த புதிதில், வாத்தியங்களின் முழக்கத்தில் வார்த்தைகள் அமுங்கிப் போகின்றன என்று லஸ் முனையில் நின்று வாதாடிய நண்பர் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஆகையால் 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அதன் வார்த்தைகள் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்பதையும், அவை எளிய தமிழ் வார்த்தைகளாக இருப்பதையும் கண்டு மனப்பூர்வமாக மகிழ்ந்தேன். பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகளும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசின: ஒப்பாரியையும் ராப்பையும் மேற்கத்திய நடனத் தாளத்தையும் இணைத்திருப்பது புதுமை, பறவையும் மிருகமும் மரமும் மனிதனும் ஒரே மண்ணின் வாரிசுகள் என்று கூறும் கருத்து உயர்ந்தது, சினிமாவுக்கு வெளியே தமிழ் இசைக்கு ஒரு பாதை திறந்தது. நிலமில்லாத உழைப்பாளரின் குரல் இது என்பதைச் சரியாகக் கண்டு எழுதியவர்களும் இருந்தார்கள். நானோ, தோட்டம் வளர்த்தவனுடைய தொண்டைக்குத் தண்ணீர் இல்லை என்னும் பொருளில் பாட்டின் பிற்பகுதியில் வருகிற இடத்தை எடுத்துக்கொண்டு, மரம் நடுதலின் மேன்மையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். குழந்தைகளும் எழுந்து ஆடத்தக்க உற்சாகமான பாட்டு என்று முடித்தேன். ஒப்பாரியைக் குறித்து நான் எழுதியது ஒரே ஒரு வாக்கியம். அதில் 'சாயல்' என்ற வார்த்தையை உபயோகித்திருந்தேன்.

கட்டுரை அச்சாகி வந்த வாரத்தில் ஒரு முற்பகல். பேரன் கூடத்தில் கைப்பேசியில் அப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். பின்கட்டில் ஆயா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பதினைந்து வருஷங்களாகச் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தவர். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் ஆயாதான். முறத்தில் மடல்களை ஒரு பக்கமும் பூக்களை ஒரு பக்கமுமாகப் பிரித்து, ஒவ்வொரு பூவையும் விரல் நுனியால் விரித்து, நடுவில் நிற்கும் கள்ளனைக் கிள்ளி எறிந்து, கறை படாமலிருக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டுக்கொண்டிருக்கும் அவருடைய கைகளின் வேகம் பார்க்கத் தக்கது. அந்தத் தோட்டத்து அடி வந்தபோது, கை நின்றது. கிள்ளிய கள்ளன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலேயே இருந்தது. பாட்டு முடியும் வரையில் அவர் அதைக் கீழே போடவில்லை.

"இந்தப் பாட்டு உங்களுக்குப் பிடிக்குமா ஆயா?" என்று கேட்டேன்.

"இது எங்க பாட்டு சார். தோட்டத்துப் பாட்டு" என்றார்.

"ஆமாம், தோட்டம் போட்டவனுக்கே..." என்று நான் என் பத்தியை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். அவர் மெதுவாகத் தலையை அசைத்தார். "அந்தத் தோட்டம் இல்ல சார். தேயிலைத் தோட்டம். நாங்க பொறந்து வளந்த எடம். ஹட்டன் பக்கத்துல."

பதினைந்து வருஷம் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். அவர் இலங்கையிலிருந்து வந்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இதை எழுதும்போது என் மனம் குன்றுகிறது.

சரித்திரம் எனக்குத் தெரியாததன்று. 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றவர்களானதும், 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் பங்கிட்டுக் கொண்டதும் புத்தகத்தில் படித்தவைதாம். அறிவுடைய பாட்டி வள்ளியம்மாளும் அவ்வாறு தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் என்பதும், அவருடைய கதையே அப்பாட்டின் கரு என்பதும் பேட்டிகளில் வந்திருந்தன. அவற்றில் ஒன்றை நான் வாசித்துமிருந்தேன். ஆயினும் வாசித்த செய்தி வேறிடத்திலும், கேட்ட பாட்டு வேறிடத்திலுமாக என் மனத்தில் கிடந்தன. 'தோட்டம்' என்ற சொல் மயிலாப்பூரில் கிணற்றடியையும் மாமரத்தையும் குறிக்கும். ஹட்டனில் துரையையும் கங்காணியையும் லயத்தையும் குறிக்கும். பாஷை புரிந்தால் போதும் என்று எண்ணியிருந்த எனக்கு, என்னுடைய பாஷையிலேயே எனக்குப் புரியாத ஒரு சொல் இருந்தது.

ஆயா 1972-இல், பதினைந்து வயதுப் பெண்ணாக, தாயாருடனும் அக்காளுடனும் புறப்பட்டவர். மலையிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் ரயிலை அவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்பார்களாம். ஒரே குடும்பத்தில் பாதிப் பேருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் பாதிப் பேருக்கு அந்நாட்டுப் பிரஜா உரிமையும் வாய்த்திருக்க, வண்டிக்குள் இருப்பவர்களும் பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, இறந்தவர்க்கு அழுவதைப் போலவே பாட்டுக் கட்டி அழுவார்களாம். "உசிரோட இருக்கிறவங்களுக்கு ஒப்பாரி வச்சோம் சார்" என்றார். ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்து, தாயகம் திரும்பியோருக்காக நீலகிரியில் அரசாங்கம் ஏற்படுத்திய தேயிலைத் தோட்டமொன்றில் மறுபடியும் கூடையைச் சுமந்து, பிறகு கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அக்காள் கோத்தகிரியிலேயே தங்கிவிட்டார்.

ஒப்பாரியின் இலட்சணத்தை நான் அதன் பின்னரே விசாரித்தறிந்தேன். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுச் சொல்லவேண்டும். இழந்ததை ஒவ்வொன்றாக எண்ணவேண்டும்: அவர் வைத்த மரம், வெட்டிய கிணறு, வளர்த்த மாடு, அழைத்த பெயர். அந்த எண்ணிக்கையிலேதான் துக்கம் அடங்கியிருக்கிறது. பிராணிகளையும் பறவைகளையும் வரிசையாக அழைக்கின்ற அப்பாட்டை நான் இயற்கை வர்ணனை என்று கொண்டது எவ்வளவு பிழை! 'எஞ்சாமி' என்பது பேரனைக் கொஞ்சும்போதும் வரும், பிணத்தின் மேல் விழுந்து அழும்போதும் வரும். ஆயாவுக்கு அவ்விரண்டு குரலும் ஒருங்கே கேட்டிருக்கிறது.

அப்படியானால் அந்த உற்சாகமான தாளம்? அதுவும் அன்னியமானதன்று என்பதை நான் நேரில் கண்ட ஒரு காட்சியைக் கொண்டு சொல்லுவேன். 2015-ஆம் ஆண்டு, பெசன்ட் நகரை அடுத்த ஊரூர் ஆல்காட் குப்பத்தில், பாடகர் டி. எம். கிருஷ்ணாவும் அவருடைய நண்பர்களும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்திய முதல் விழாவுக்கு, அடையாற்றிலிருந்த என் தமக்கையார் வீட்டிலிருந்து நடந்தே சென்றிருந்தேன். பறையாட்டக்காரர்கள் மணலில் சருகுகளைக் கொளுத்தி, வட்டமான பறையை அனலுக்கு மேல் இப்படியும் அப்படியுமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். கடற்காற்றின் ஈரத்தில் தொய்ந்திருந்த தோல், சூடேற ஏற விறைத்தது. நடுவிரலால் ஒருவர் சுண்டிப் பார்த்தார். சப்தம் மந்தமாக எழுந்தது. மறுபடியும் அனலில் காட்டினார். இரண்டாம் முறை சுண்டியபோது 'கணீர்' என்றது. பிறகு வலது கையில் குட்டையான அடிக்குச்சியும் இடது கையில் மெல்லிய நீண்ட சிண்டுக்குச்சியுமாக அவர்கள் அடிக்கத் தொடங்கியதும், என் பக்கத்தில் நின்றிருந்த மீனவப் பெண்மணி ஒருவர், "சாவுக்கும் இதான், சாமிக்கும் இதான்" என்றார். நான் அதைக் கேட்டேன்; ஆனால் நினைவில் இருத்தவில்லை.

கடல் கடந்த தேசத்திலும் இதற்கு ஒப்பு உண்டு. இன்று உலகமெங்கும் இளைஞர்கள் ஆடும் 'ஹவுஸ்' இசை, சிகாகோ நகரத்தில் 1977-இல் திறக்கப்பட்ட 'வேர்ஹவுஸ்' என்னும் நடன விடுதியில், ஃபிராங்கி நக்கிள்ஸ் என்பவர் இசைத்தட்டுகளை இணைத்து வாசித்ததிலிருந்து கிளைத்தது. பெயரும் அவ்விடுதியிலிருந்து வந்ததே என்பர். அங்கு வந்து ஆடியவர்களில் பெரும்பாலோர் வேறெங்கும் வரவேற்கப்படாத கறுப்பின இளைஞர்கள். அவர்களுடைய தேவாலயப் பாட்டின் உருக்கம், நான்கு சீரான அடிகளின் மீது ஏறி நடனமாயிற்று. அழுகையை அடியில் வைத்து ஆட்டத்தை மேலே வைப்பது, அழுவதற்குக்கூட இடம் கிடைக்காதவர்கள் கண்டுபிடித்த வழி என்றே நான் கருதுகிறேன்.

மே மாதம் 10-ஆம் தேதி முழு ஊரடங்கு வந்தது. ஆயா எங்கள் வீட்டிலேயே தங்கினார். அம்மாதத்தின் நடுவில் ஒருநாள் காலை, கோத்தகிரியிலிருந்து போன் வந்தது, அக்காள் போய்விட்டார். பஸ் கிடையாது; ரயிலேறினாலும் மலையேற வழியில்லை. அம்மூதாட்டி பின்கட்டுக் குழாயடியில் சென்று உட்கார்ந்தார். என் மனைவி அருகில் சென்று அமர்ந்தாள். ஆயா ஓர் அடி எடுத்தார், நிறுத்தினார், மறுபடி எடுத்தார். ஏற்றுச் சொல்வதற்கு அங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் சங்கீதம் தெரிந்தவர்கள் நான்கு பேர் இருந்தோம். ஒருவராலும் அந்த அடியை ஏற்க முடியவில்லை. சிறிது நேரம் கழித்து அவர் என் பேரனை அழைத்து, "கண்ணு, அந்தத் தோட்டத்துப் பாட்ட வையி" என்றார். அவன் வைத்தான். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தார். கூட்டுக் குரல்கள் வந்த இடங்களில் அவருடைய தோள் அசைந்தது.

ஆகஸ்டு மாதத்தில், அப்பாட்டைச் சுற்றி ஒரு சர்ச்சை எழுந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு, தன் அட்டையில் தீயையும், ஷான் வின்சென்ட் டி பால் என்னும் கனடாத் தமிழ்ப் பாடகரையும் வெளியிட்டது. பாட்டை எழுதிப் பாடிய அறிவு அதில் இல்லை. பிரெஞ்சு இசைக்கலைஞர் டீஜே ஸ்நேக் செய்த மறுகலவையிலும் அறிவு விடப்பட்டிருந்தார். இப்புறக்கணிப்பை இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கண்டித்தார். பல இடங்களிலிருந்தும் எதிர்ப்பு எழவே, அப்பத்திரிகை அறிவின் படத்தைத் தாங்கிய மற்றோர் அட்டையை வெளியிட்டது. நான் இதை விவரமாகப் பேப்பரில் படித்து ஆயாவிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை.

"அரைப் பேர் போட்டுட்டாங்க" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒரு 'பேர்' விழும், அதுதான் சம்பளம். காலை முதல் மாலை வரை மழையிலும் அட்டைக்கடியிலும் நின்றாலும், கொழுந்தின் எடை சற்றுக் குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான் போடுவார். "முழுசா நின்னிருப்போம் சார். பேரு அரைதான்." ஒரு கலைஞனுடைய பெயர் விடுபட்டதற்கு எத்தனையோ கட்டுரைகள் வந்தன, இதனினும் நுட்பமாக ஒருவரும் சொல்லவில்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அடுத்த ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில், நேரு உள்விளையாட்டரங்கில் தீயும் கிராமியப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அப்பாட்டைப் பாடினார்கள். எங்கள் கூடத்துத் தொலைக்காட்சியில் ஆயாவும் பார்த்தார். மாரியம்மாளின் திறந்த குரலை மிகவும் ரசித்தார். பாட்டு முடிந்ததும், "அந்தப் பையன் எங்க சார்?" என்று மட்டும் கேட்டார். சில நாட்களில் அறிவும் தம் மனக்குறையை எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும், அவருக்குரிய பங்கை எப்போதும் சொல்லியே வந்திருப்பதாகப் பதில் உரைத்தனர். மூவருடைய உழைப்பும் அதில் கலந்திருப்பது காதுள்ளவர்க்கெல்லாம் தெரியும். ஒரு பாட்டைப் பாராட்டுவதென்றால் அதன் தாளத்தையும் குரலையும் பாராட்டுவது மட்டும் போதாது, அது யாருடைய வாயிலிருந்து புறப்பட்டதோ அவரை முழுப் பேராக எழுதவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நானும் என் முதற் கட்டுரையில் வள்ளியம்மாளின் பெயரை எழுதியிருக்கவில்லை.

ஆகவே, அவ்வாண்டுப் புரட்டாசியில் அக்கட்டுரையைப் புதிதாக எழுத முனைந்தேன். பத்திரிகை ஆசிரியர் பெருந்தன்மையோடு இடம் தருவதாகச் சொன்னார். எழுதியதை, பின்கட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆயாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அன்று முருங்கைக்கீரை. உருவிக்கொண்டே கேட்டார். லயத்தைப் பற்றிய இடத்தில், "'லயக் காம்பரா'ன்னு போடுங்க" என்றார், போட்டேன். கோச்சியைப் பற்றிய பகுதியில் ஒன்றும் சொல்லவில்லை. தேயிலை இலைகளைப் பெண்கள் பறித்துக் கூடையில் இடுவார்கள் என்று நான் எழுதியிருந்த வாக்கியத்தை வாசித்தபோது, கீரைக் காம்பை முறத்தில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இலைன்னா முத்தினது சார். அத யாரு எடுப்பா? ரெண்டு எலையும் நடுவுல ஒரு மொட்டும், அதான் கொழுந்து. 'கொழுந்து எடுப்போம்'னு எழுதுங்க."

பேனாவை எடுத்து, 'தேயிலை இலைகளை' என்பதை அடித்துவிட்டுக் 'கொழுந்து' என்று எழுதினேன். அவர் மறுபடியும் கீரையை உருவத் தொடங்கினார். நான் அடுத்த வாக்கியத்தை வாசித்தேன்.